வன்னியில் ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலைக்கு மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் அண்மையில் பொறுப்பேற்ற அதிபர் போலத் தெரிகிறது. தரம் 5 வரை மட்டுமுள்ள றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன் பாடசாலை, ஐந்தாண்டுத் திட்டத்தை இரண்டு கிழமைக்குள் வலயக் கல்விப் பணிமனைக்குக் கொடுக்க வேண்டும், பழைய திட்டக் கோவையைப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை என்கிறீர்கள். நான் மன்னார் மாவட்டத்து மாந்தை மேற்கில் ஒரு கரையோரக் கிராமத்தில், அப்படியொரு பாடசாலையில் 11 வருடம் படிப்பித்தவள். கடைசி நான்கு வருடமும் திட்டக் கோவை என் மேசையில்தான் கிடந்தது. பட்டறிந்ததைச் சொல்கிறேன்.

பழைய கோவை விளங்காததில் உங்கள் பிழை எதுவும் இல்லை. எங்களுடையதைத் திறந்தபோது மூன்றாம் பக்கத்தில் ‘விஞ்ஞான ஆய்வுகூடத்தைத் தரமுயர்த்தல்’ என்று இருந்தது. தரம் 5க்கு மேல் வகுப்பே இல்லாத இடத்தில் ஆய்வுகூடம்! யாரோ பெரிய பாடசாலையின் திட்டத்தை இரவல் வாங்கிப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதற்கும் ஒப்புதல் கையெழுத்தும் முத்திரையும் விழுந்திருந்ததுதான் வேடிக்கை. பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2006இல் வந்த நாளிலிருந்து தூரநோக்கு, பணிக்கூற்று, பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று கட்டம் கட்டமாக நிரப்பப் பழகிவிட்டோம். கட்டம் நிரம்பினால் வேலை முடிந்தது என்ற நினைப்பும் கூடவே ஒட்டிக்கொண்டது.

ஆகவே கோவையை மூடி வைத்துவிட்டு, தரம் 2 தமிழ்ப் பாடநூலோடு மரத்தடிக்குப் போங்கள். தரம் 3, 4, 5 பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரேயொரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் காதுகேட்கும் தூரத்தில் நிற்கக் கூடாது. நின்றால் அடுத்து வருகிறவன் கேட்டதை ஒப்புவிப்பான்.

எங்கள் பூவரசுக்குக் கீழே தரம் 4 பையன் ஒருவன் வந்தான். புத்தகத்தைக் கையில் வாங்கியதும் கடகடவென்று சொன்னான். ஒரு சொல் பிழையில்லை. அந்த வேகத்தில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. படத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, நான்காவது வரியில் ஒரு சொல்லைத் தொட்டு, “இது என்ன?” என்று கேட்டேன். அவன் முதல் வரிக்குப் போனான். அங்கிருந்து விரலை ஓட்டிச் சொல்லிக்கொண்டே வந்து, என் விரல் இருந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டான். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும்போது குரலோடு குரலாகப் பாடமாக்கியிருக்கிறான், அவ்வளவுதான். தவணைப் பரீட்சையில் தமிழுக்கு அவன் 40க்கு மேல் எடுத்தவன். அந்த வகுப்பில் இருந்த 14 பேரில், எழுத்தைப் பார்த்து வாசித்தவர்கள் ஆறு பேர்.

இந்தக் கணக்கு கையில் வந்தால் திட்டத்தின் பாதி வந்துவிட்டது. ‘மாணவர் வாசிப்புத் திறனை மேம்படுத்தல்’ என்று எழுத வேண்டாம். இன்ன எட்டுப் பிள்ளைகள் முதலாம் தவணை முடிய இந்தப் பக்கத்தை வாசிப்பார்கள் என்று பெயர்ப் பட்டியலோடு எழுதுங்கள். பெயர்களை வலயத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. வகுப்பாசிரியரிடம் இருந்தால் போதும்.

ஏன் இப்படி ஆனது என்று தேடினால் வீடு வரை போக வேண்டியிருக்கும். 2008 ஏப்ரலில் மடு மாதா ஆலயத்தைச் சுற்றிச் சண்டை நெருங்கி, மாதாவின் திருச்சொரூபத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்களே, அந்த வருடம் எங்கள் கரையும் இடம்பெயர்ந்தது. பிறகு கிளிநொச்சி, விசுவமடு, முள்ளிவாய்க்கால், மெனிக் பாம் முகாம் என்று போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. அன்று தரம் 2, 3 படித்துக்கொண்டிருந்த சிறுமிகள்தான் இன்று தரம் 1க்குப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற தாய்மார். ஒரு தாயிடம் முன்னேற்ற அறிக்கையைக் கொடுத்தேன். “கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் ரீச்சர், நீங்களே வாசித்துச் சொல்லுங்கள்” என்றார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ‘பெற்றாரின் வீட்டு உதவியை ஊக்குவித்தல்’ என்ற வரியை நான் எந்தத் திட்டத்திலும் எழுதியதில்லை. வாசிப்பைப் பாடசாலை நேரத்துக்குள் கொண்டுவந்தோம்: காலை வழிபாடு முடிந்ததும் 20 நிமிடம், தரம் 5 பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு தரம் 3 பிள்ளை, ஆசிரியர் வாய் திறக்கக் கூடாது. கடைசி நிபந்தனைதான் எங்களுக்கு மிகக் கஷ்டமாக இருந்தது.

அடுத்தது வரவு இடாப்பு. சராசரி வீதத்தைப் பார்க்காதீர்கள், அது ஒன்றும் சொல்லாது. மூன்று வருட இடாப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். எங்கள் இடாப்பில் ஐந்து பிள்ளைகளுக்கு நேரே ‘ஒழுங்கற்ற வரவு’ என்று சிவப்பு மையால் எழுதியிருந்தோம். விரித்துப் பார்த்தால் மூன்று வருடமும் ஏறத்தாழ அதே கிழமைகள். தகப்பன் வலையோடு வேறு கரைக்குப் போய் வாடி (தற்காலிக மீன்பிடிக் குடிசை) போடும்போது குடும்பமும் சேர்ந்து போகிறது. அதைவிட ஒழுங்கான வரவின்மை வேறு இருக்க முடியாது! தெரிந்த பிறகு, போகிற கிழமைக்கு முன்பே ஒரு பையில் பாடநூலும் பயிற்சித் தாள்களும் கட்டிக் கொடுத்தோம். போகிற ஊரில் உள்ள பாடசாலையில் அந்த நாள்களுக்கு உட்கார இடம் தருவார்களா என்று ஒரு கடிதமும் எழுதினோம். ஒரு வருடம் இடம் கிடைத்தது, ஒரு வருடம் கிடைக்கவில்லை.

இதேபோல மடு ஆடித் திருவிழா. ஜூன் 23 கொடியேற்றம், ஜூலை 2 பெருவிழா. எங்கள் பக்கத்தில் குடும்பம் குடும்பமாக முன்கூட்டியே போய்த் தங்கிவிடுவார்கள். அந்தக் கிழமையில் கணிப்பீடு வைக்கிற திட்டத்தை எழுதினவர் இந்த ஊரில் வாழாதவர். ஒக்டோபரில் மழை பிடித்தால் வயற்கரைப் பாதை வெள்ளத்தில் போகும், காலபோக நெல் விதைப்பும் அதே நேரம்தான். ஆகவே கனமான வேலைகளை முதல் இரண்டு தவணைகளிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

‘கத்தோலிக்க’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1960இன் 5ஆம் இலக்கச் சட்டத்தோடும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டத்தோடும் மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசிடம் போய்விட்டன. பெயர்ப்பலகையில் றோமன் கத்தோலிக்க என்று இருந்தாலும் ஆசிரியரைத் தருவதும், கற்றல் கற்பித்தல் பொருள்கள் வாங்குவதற்கான தர உள்ளீட்டுப் பணத்தைத் தருவதும் அரசுதான். பங்குத்தந்தையிடம் ஆசிரியர் வெற்றிடத்தைச் சொல்லி அழுது பயனில்லை. ஆனால் ஆட்கள் அவரிடம்தான் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கையில் கடிதம் கொடுத்துக் கூட்டம் கூப்பிட்டால் ஒன்பது பேர் வருவார்கள். ஞாயிறு திருப்பலி முடிவில் பாதர் ஒரு வரி அறிவித்தால் மண்டபம் நிரம்பும்.

இதில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். திட்டத்துக்கான முதல் கூட்டத்தைக் கோவிலில் மட்டும் அறிவித்துவிட்டு, கூட்டம் நிறைந்ததில் பூரித்துப் போயிருந்தேன். எங்கள் பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கு சைவப் பிள்ளைகள். வயற்கரைப் பக்கத்துக் குடும்பங்கள். அவர்களில் ஒருவருக்கும் செய்தி போகவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு தகப்பன் சைக்கிளில் வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, “எங்கள் பிள்ளைகளும் இங்கேதானே படிக்கிறார்கள் ரீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கூட்டத்தை மறுபடி வைத்தோம், இந்த முறை பிள்ளையார் கோவில் அறிவித்தலோடும். வயற்கரைப் பாதை வெள்ளத்தில் போகும் விஷயம் திட்டத்துக்குள் வந்ததே அந்த இரண்டாவது கூட்டத்தில்தான்.

ஆசிரியர் விஷயத்தில் நீதி போதிக்க வேண்டாம். மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வருகிறவர்கள், கஷ்டப் பிரதேசச் சேவைக் காலம் முடிந்ததும் போய்விடுவார்கள். திங்கள் முதற் பாடவேளையிலும் வெள்ளி கடைசிப் பாடவேளையிலும் முக்கியமான எதையும் வைக்காதீர்கள். பஸ் நேரத்தோடு மல்லுக்கட்டி வென்ற அதிபரை நான் கண்டதில்லை.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை பற்றி உங்களை நெருக்குவார்கள். 200 புள்ளிக்கான அந்த இரண்டு வினாத்தாள்களுக்காகத் தரம் 5 வகுப்புக்கு மாலையிலும் சனிக்கிழமையிலும் வகுப்பு வை என்பார்கள். வைக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பெற்றார் பிள்ளையை வேறு பாடசாலைக்குக் கொண்டுபோவார்கள். ஆனால் உங்களிடம் இருக்கிற நல்ல ஆசிரியர் ஒருவரே என்றால் அவரைத் தரம் 1க்குப் போடுங்கள். இதைச் சொன்னதற்காக நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. இன்றும் அதையே சொல்வேன்.

இரண்டு கிழமைதான் இருக்கிறது என்றால், முதல் கிழமையை மரத்தடிக்கும் இடாப்புக்கும் கூட்டத்துக்கும் கொடுங்கள். படிவம் நிரப்ப இரண்டு பின்னேரம் போதும். பௌதிக வளம் என்ற பகுதிக்கு வரும்போது மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். ஆலயமும் பாடசாலையும் ஒரே வேலிக்குள் இருக்கிற இடங்களில், கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கிய பிறகுதான் காணி யாருடையது என்ற பேச்சு எழும். எங்களுக்கு ஒரு வகுப்பறைக்கான பணம் அப்படித்தான் திரும்பிப் போனது. கட்டடம் என்று எழுதுவதற்கு முன், நில அளவைப் படத்தின் பிரதி ஒன்று பாடசாலை அலுமாரியில் இருக்கிறதா என்று பாருங்கள்.