நாய்க்கு இருக்கிற நன்றி

வணக்கம்.

நான் விசுவமடுப் பக்கம் இருக்கிறன். வயசு 61. ஆருக்கும் சொன்னால் சிரிப்பினம், அதான் உங்களுக்கு எழுதுறன். எனக்கெண்டு இருக்கிற ஒரே சீவன் ரொமி. நாய்தான், ஆனால் நான் அதை நாய் எண்டு சொல்லுறதில்லை. ஏழு வருசத்துக்கு முந்தி மாரி மழைக்க குளக்கட்டில நடுங்கிக்கொண்டு கிடந்த குட்டி. சீலைத் தலைப்பால துடைச்சுத் தூக்கிக்கொண்டு வந்தனான். அண்டைக்குத் தொடக்கம் என்ர காலடியை விட்டு விலகினதில்லை. கச்சானுக்குப் பண்டி வந்தால் அதுதான் எழுப்பும். நான் அழுதால் வந்து மடியில முகத்தை வைக்கும். பெத்ததுகள் வைச்சதோ?

மகனை பிரான்சுக்கு அனுப்ப ரெண்டு ஏக்கர் வயலை வித்தனான். இப்ப சித்திரை வருசத்துக்குக்கூட ஒரு கோல் இல்லை. மருமகள் விடுறாள் இல்லையாம். மகள் குவைத்தில வீட்டு வேலை. ரெண்டு வருசமாச்சு. காசு அனுப்புறாள்தான், அதுவும் எண்ணி எண்ணி. அவளின்ர மனுசன் வேற குடும்பம் எடுத்திட்டான். என்ர மனுசன் 2009 இல சண்டைக்க மாத்தளனில முடிஞ்சுபோனார். மெனிக் பாம் அகதி முகாமில கிடந்து, திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்டு, தனிய நிண்டு இந்தப் பிள்ளையளை ஆளாக்கினனான். ரொமிக்கு இருக்கிற நன்றியில காவாசி ஒருத்தருக்கும் இல்லை.

போன தையில காய்ச்சல் கண்டு அஞ்சு நாள் கிளிநொச்சி ஆசுப்பத்திரியில கிடந்தன். ரொமி ஒரு பருக்கை தொடேல்லை. வைச்ச சோறு வைச்சபடி, படலையடியில றோட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்ததாம். பேத்தி நேரத்துக்குச் சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் போய் வந்தவள். சொல்லுங்கோ, ஆருக்குப் பாசம்?

அதுக்கு வெக்கமும் இருக்கு. ஒருநாள் கோழிக்குஞ்சைப் பிடிச்சிட்டுது. "ஆரடா இதைச் செய்தது?" எண்டு நான் கேட்ட உடனை காதை மடக்கி, தலையைக் குனிஞ்சு, வாலைக் காலுக்க வைச்சுக்கொண்டு நிண்டுது. செய்த பிழை தெரியுது. மனுசருக்கு அந்தச் சூடு சுரணை இருக்கே? பேத்தியைப் பாருங்கோ, 12 வயசு, தாய் வெள்ளிக்கிழமையில வீடியோ கோல் எடுத்தால் தலையைக் குனிஞ்சு கொண்டு நிப்பாள். ஒரு சொல்லுச் சொல்லமாட்டாள். திமிர். இப்ப புதுப் பழக்கம் ஒண்டு, ராத்திரியில எழும்பி விறாந்தைக்குப் போய் ரொமியின்ர சாக்கில அதோட ஒட்டிக்கொண்டு படுக்கிறாள். புடையன் திரியிற இடம். ரெண்டு அடி போட்டு இழுத்துக்கொண்டு வந்தன். அது கிடக்கட்டும். மகனுக்கு வயல் வித்த கதையை நினைச்சால்தான் எனக்கு நித்திரை வராது.

என்ர கேள்வி இதுதான். மனுசரை விட நாயில கூடப் பாசம் வைக்கிறது பிழையோ? மகள் சொல்லுறாள், எனக்கு விசராம்.

பெயர் வேண்டாம், விசுவமடு

*

அன்புள்ள அம்மா,

பிழையில்லை. விசரும் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அவ்வளவுதான் பதில்.

நான் நின்றுவிட்ட இடம் வேறு. "அது கிடக்கட்டும்" என்று தாண்டிப் போனீர்களே, அந்த இடம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருட்டில் எழும்பி, கதவைத் திறந்து, நுளம்புக்குள் போய், ஒரு நாயோடு ஒட்டிக்கொண்டு படுக்கிறாள். பாம்புக்குப் பயந்து அடித்தீர்கள், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இழுத்துக்கொண்டு வந்த பிறகு, "ஏன் பிள்ளை அங்க போனனீ?" என்று கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் ஒன்றையும் விடாமல் எழுதுகிறவர்.

இன்னொன்று. ஆசுப்பத்திரியில் கிடந்த உங்களுக்கு, ரொமி சோறு தொடவில்லை என்று சொன்னது யார்? ரொமியிடம் கைபேசி இல்லை. அஞ்சு நாளும் அந்தச் சோற்றைச் சமைத்தது யார்? பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தது யார்? நாய் படலையடியில் கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றது யார்? தாய் குவைத்தில், அம்மம்மா வாட்டில். அந்த வீட்டில் பட்டினி கிடக்கிற உரிமை ஒருவருக்குத்தான் இருந்தது, அதை ரொமி எடுத்துக்கொண்டது. மற்றவள் சாப்பிட்டு, பள்ளிக்கூடம் போய், வீட்டை ஓட்டினாள். நீங்கள் இதைப் பாசம் இல்லாமை என்று கணக்கு எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு பிழை, அம்மா.

ரொமியின் வெட்கத்துக்கும் வருகிறேன். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, 14 நாய்களை வைத்துச் செய்த சோதனை 2009 இல் வெளிவந்தது. தின்னக்கூடாது என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு வளர்ப்பவர் வெளியே போவார். சில தரம் நாய் தின்றது, சில தரம் தின்னவில்லை. திரும்பி வந்தவருக்குச் சில தரம் உண்மை சொல்லப்படவில்லை. அதனால் ஒரு குற்றமும் செய்யாத நாயும் ஏச்சு வாங்கியது. கண்டது இதுதான்: தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் "குற்ற முகத்துக்கும்" தொடர்பில்லை. ஏச்சு விழுந்தால் தலை குனியும். தின்னாமல் இருந்துவிட்டு ஏச்சு வாங்கிய நாய் இன்னும் கூடக் குனிந்தது.

ரொமியின் பாசம் பொய் என்று சொல்ல இதை எழுதவில்லை. உங்கள் குரல் ஏறியதற்குத்தான் அது குனிந்திருக்கும். நீங்கள் அதை மனச்சாட்சி என்று வாசித்தீர்கள். சரி, நல்ல மனசோடு வாசித்தீர்கள். அதே குனிந்த தலையைப் பேத்தியில் கண்டதும் "திமிர்" என்று வாசித்தீர்கள். ரெண்டு வருசமாகக் கண்ணாடிக்குள் மட்டும் தெரிகிற தாயின் முகத்தைப் பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று ஒரு பிள்ளை கீழே பார்க்கலாம். பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்பதாலும் பார்க்கலாம். வாயில்லாத சீவனின் மனசை இவ்வளவு நுணுக்கமாக ஊகிக்கத் தெரிந்தவர், வாயுள்ள பிள்ளையிடம் ஊகிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். "நாய்க்கு இருக்கிற நன்றி" என்ற சொல்லை நீங்கள் மகனுக்குத்தான் சொல்கிறீர்கள். அது பிரான்ஸ் வரை போவதில்லை. விறாந்தையிலேயே விழுகிறது. அங்கே இருந்து நாளும் பொழுதும் அதைக் கேட்கிறவள் பேத்தி ஒருத்திதான். வயல் விற்ற காலத்தில் அவள் பிறந்திருந்தாளோ என்னவோ.

ஏன் இப்படி ஆனது என்பது விளங்காமல் இல்லை. கணவர் போனார், மகன் போனான், மகளும் விமானம் ஏறினாள். ரொமி விமானம் ஏறாது. பேத்தி ஒருநாள் போவாள், படிக்கவோ கலியாணம் கட்டியோ. அந்தப் பிரிவுக்கான கோபத்தை இப்போதே அவளிடம் வாங்கத் தொடங்கிவிட்டீர்களோ என்று எனக்குப் படுகிறது. இது உங்கள் குற்றம் என்று எழுதவில்லை. இத்தனை பேரை வழியனுப்பிய எவருக்கும் வரக்கூடியதுதான். ஆனால் விலை கொடுப்பது பிள்ளை.

விறாந்தைச் சாக்கை வாசலடிக்கு இழுத்துப் போடுங்கள். கதவுக்கு உட்புறம் பிள்ளையின் பாய், நுளம்புவலை, பக்கத்தில் உங்கள் பாய். ரொமியை அவளிடமிருந்து பிரிக்க வேண்டாம், இப்போதைக்கு அவள் சாய்ந்துகொள்ளும் தோள் அதுதான். விசர்நாய்த் தடுப்பூசி இந்த வருசம் போட்டாயிற்றா என்று பாருங்கள். சுகாதாரப் பகுதியினர் இலவசமாகப் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை கோல் வந்தால் கைபேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கிணற்றடிக்குப் போய்விடுங்கள். அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்தாலும் பரவாயில்லை. இது ரெண்டு மாதம் கழிந்தும் மாறாவிட்டால், அல்லது அவள் சாப்பாட்டையும் படிப்பையும் விடத் தொடங்கினால், ஆசுப்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே போவது வெட்கமில்லை.

இன்று இரவு படுக்க முதல் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நான் ஆசுப்பத்திரியில் கிடந்த அந்த அஞ்சு நாளும் நீ என்ன கறி வைச்சனீ?