பின்னால் நகர்த்தப்பட்ட மகனும் நெமான்யா மாட்டிச்சும்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கல்லூரி அணியிலும் ஒரு கிளப்பிலும் கால்பந்து ஆடுகிறான். சிறு வயது முதலே முன்னேறிச் சென்று கோல் அடிக்கும் நடுக்கள வீரனாக வளர்ந்தவன். இந்த ஆண்டு அவனுடைய பயிற்சியாளர், தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால் நின்று ஆடும்படி அவனை மாற்றிவிட்டார். தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்றே அவன் நினைக்கிறான். ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்றும் பேசுகிறான். செர்பியாவின் மாட்டிச்சும் இப்படி மாற்றப்பட்டவர்தான் என்று அவனுடைய நண்பன் சொன்னானாம். அது உண்மையா? செல்சி அணி அவரை விட்டுவிட்டுப் பிறகு பெரும் விலைக்குத் திரும்ப வாங்கியது என்கிறார்கள், அது எப்படி? அவருடைய வாழ்க்கை என் மகனுக்குப் பொருந்துமா?
— பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் நண்பர் சொன்னது உண்மைதான். நெமான்யா மாட்டிச்சும் முன்னேறி ஆடும் நடுக்கள வீரராகத் தொடங்கி, 22 வயதுக்குப் பிறகு தடுப்பு நடுக்களத்துக்கு மாற்றப்பட்டவர். அவருடைய பெயர் உலகுக்குத் தெரிந்ததே அந்த மாற்றத்துக்குப் பின்னர்தான். ஆனால் அந்த மாற்றம் எத்தகைய சூழலில், யார் கையில் நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் மகனுக்கு அது பயன்படும்.

மாட்டிச் 1988 ஆகஸ்ட் 1 அன்று மேற்குச் செர்பியாவின் ஷாபாட்ஸ் நகரில் பிறந்து, ஊப் என்ற சிறு நகரத்தை ஒட்டிய வ்ரேலோ கிராமத்தில் வளர்ந்தார். ஊப் நகரின் யெடின்ஸ்ட்வோ, அதன் பிறகு கோலுபாரா என்று உள்ளூரின் கீழ்நிலை அணிகளில் ஆடிவிட்டு, 2007-இல் ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே அணிக்குச் சென்றார். அங்கே இரண்டு பருவங்கள் ஆடி, 2009-இல் ஸ்லோவாக்கியக் கோப்பையை வென்ற அணியிலும் இருந்தார். அந்த ஆண்டே லண்டனின் செல்சி அணி அவரை ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

சிறிய நாட்டின் சிறிய அணியிலிருந்து லண்டனுக்குப் போவது எந்த இளைஞனுக்கும் கனவுதான். ஆனால் 21 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியப் போட்டியில் காலில் எலும்பு முறிந்த நிலையில்தான் அவர் செல்சிக்கு வந்தார். லாம்பார்டு, பாலாக், எஸ்ஸியன் போன்றோர் நிறைந்திருந்த நடுக்களத்தில் அவருக்கு இடமே இல்லை. அந்தப் பருவம் முழுவதிலும் மாற்று வீரராக மூன்று ஆட்டங்களில் மட்டுமே களம் இறங்கினார். அடுத்த பருவத்துக்கு நெதர்லாந்தின் விட்டெஸ் அணிக்குக் கடனாக அனுப்பப்பட்டார். 2011 ஜனவரியில் போர்ச்சுகலின் பென்ஃபிகாவிடமிருந்து தடுப்பாட்டக்காரர் டேவிட் லூயிஸை செல்சி வாங்கியபோது, பணத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட ஆளாக மாட்டிச்சின் பெயர் அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. செய்திகள் எல்லாம் டேவிட் லூயிஸைப் பற்றித்தான். உங்கள் மகன் இப்போது உணரும் ஒதுக்கப்பட்ட உணர்வை அந்த 22 வயது இளைஞனும் உணராமல் இருந்திருக்க முடியாது என்றே நான் நம்புகிறேன்.

பென்ஃபிகாவின் பயிற்சியாளர் அப்போது ஜோர்ஜ் ஜெசுஸ். ஒரு வீரரின் உடலமைப்பையும் பார்வையையும் கவனித்து, அவருக்கு வேறோர் இடம் பொருந்தும் என்று கண்டுபிடிப்பதில் அவர் தனித்திறன் உள்ளவர். ஓரத்தில் முன்னேறி ஆடிய ஃபாபியோ கோயென்ட்ராவை இடப்புறத் தடுப்பாட்டக்காரராக்கியவர். ஓரத்தில் ஆடிய என்சோ பெரேஸை நடுக்களத்துக்குள் கொண்டுவந்தவர். 194 சென்டிமீட்டர் உயரமும் நீண்ட கால்களும் நல்ல இடது காலும் கொண்ட மாட்டிச்சை அவர் தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நிறுத்தினார்.

அந்த இடத்தில் செய்ய வேண்டிய வேலை என்ன என்பதை உங்கள் மகனோடு உட்கார்ந்து ஒரு முறை பேசிப் பாருங்கள். பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே தோளைத் திருப்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட வேண்டும். பக்கத் தடுப்பாட்டக்காரர் முன்னேறிச் சென்றால் அவர் விட்டுச்சென்ற இடத்தை நோக்கி நான்கைந்து அடி நகர்ந்து நிற்க வேண்டும். எதிரணியின் பாஸ் எந்தக் கோட்டில் வரும் என்று கணித்து, ஓடிப்போய்ப் பறிப்பதற்குப் பதிலாக அந்தக் கோட்டிலேயே காலை வைத்துக் காத்திருக்க வேண்டும். பந்து கிடைத்த பின் முதல் பாஸ் முன்னோக்கிப் போக வேண்டும், அதுவும் தாக்குதல் வீரரின் ஓட்டம் தடைப்படாத வேகத்தில் போக வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான், முன்களத்தில் ஆடிப் பழகியவருக்குப் பிறவித் தடுப்பாட்டக்காரருக்கு இல்லாத ஓர் அனுகூலம் இருக்கிறது. தாக்குதல் வீரர் பந்தை எங்கே எதிர்பார்ப்பார் என்பது அவருக்குத் தன் அனுபவத்திலேயே தெரியும். மாட்டிச்சின் ஆட்டத்தில் நான் மிகவும் மதிப்பது பந்தைப் பறிப்பதைவிட, பறித்த அடுத்த நொடியில் தலையை நிமிர்த்தி அவர் கொடுக்கும் அந்த முதல் பாஸைத்தான். முன்பு கற்றது எதுவும் வீணாகவில்லை என்பதை உங்கள் மகன் அதில் கண்கூடாகப் பார்க்கலாம்.

பலன் உடனே வந்துவிடவில்லை. 2011-12 பருவத்தில் அந்த இடம் ஸ்பெயின் வீரர் ஹாவி கார்சியாவுடையது. மாட்டிச் பெரும்பாலும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தே கற்றுக்கொண்டார். 2012 ஆகஸ்ட் இறுதியில் ஹாவி கார்சியா மான்செஸ்டர் சிட்டிக்கும், சில நாட்களுக்குள் இன்னொரு நடுக்கள வீரரான ஆக்செல் விட்செல் ரஷ்யாவின் ஸெனித் அணிக்கும் விற்கப்பட்டார்கள். ஒரே வாரத்தில் நடுக்களம் காலியானபோது, ஓராண்டாக அந்த வேலையைப் படித்துக்கொண்டிருந்த ஒருவர் தயாராக இருந்தார். அந்தப் பருவம் முடிந்தபோது போர்ச்சுகல் லீகின் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. 2013 ஜனவரியில் போர்ட்டோவுக்கு எதிராக, பந்து தரையைத் தொடுவதற்கு முன்பே இடது காலால் அவர் அடித்த கோல், அந்த ஆண்டின் சிறந்த கோலுக்கான புஷ்காஷ் விருதில் இப்ராஹிமோவிச்சின் கோலுக்கு அடுத்த இடத்தைப் பெற்றது. தடுப்பு நடுக்களத்துக்குப் போனால் கோல் அடிக்கவே முடியாது என்று உங்கள் மகன் வருந்தினால் அந்தக் கோலைக் காட்டுங்கள்.

அதே 2013 மே மாதம் அவருக்குக் கொடுமையானதாகவும் இருந்தது. லீக் பட்டத்தை முடிவு செய்த ஆட்டத்தில் போர்ட்டோவிடம் கடைசி நிமிடங்களில் தோல்வி. நான்கு நாள் கழித்து ஆம்ஸ்டர்டாமில், ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் போட்டியின் இறுதியில், 90 நிமிடம் கடந்த பின் விழுந்த கோலால் தோல்வி. மாத இறுதியில் போர்ச்சுகல் கோப்பை இறுதியிலும் தோல்வி. யூரோப்பா இறுதியில் வென்றது, அவரை அனுப்பிவிட்ட அதே செல்சி. வெற்றிக் கோலைத் தலையால் அடித்தவர் அவருடைய நாட்டுக்காரரான இவானோவிச்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 2014 ஜனவரியில் செல்சி அவரை ஏறத்தாழ 2.1 கோடி பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கியது. செல்சி ஏமாந்துவிட்டது என்று பலரும் சொல்வதுண்டு; எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவர்கள் அனுப்பியது இடம் நிலைக்காத ஓர் இளைஞரை. வாங்கியது ஜெசுஸிடம் இரண்டரை ஆண்டு பயின்று முழுமை பெற்ற தடுப்பு நடுக்கள வீரரை. லண்டனிலேயே மாற்று வீரர் இருக்கையில் உட்கார்ந்திருந்தால் அந்த இரண்டாமவர் உருவாகியிருக்கவே மாட்டார். திரும்பி வந்த சில வாரங்களில், சொந்த மைதானத்தில் கோல்களைக் குவித்துக்கொண்டிருந்த மான்செஸ்டர் சிட்டியை செல்சி 1-0 என்று வென்ற ஆட்டத்தில் நடுக்களம் முழுவதும் அவர் கட்டுப்பாட்டில் இருந்தது. 2014-15-இலும் 2016-17-இலும் பிரீமியர் லீக் பட்டம் வென்ற அணிகளில் அவர் தூணாக நின்றார்.

இதன் நடுவே சறுக்கல்களும் உண்டு; அவற்றை மகனிடம் மறைக்காதீர்கள். 2015 பிப்ரவரியில் பர்ன்லி ஆட்டத்தில், தன் காலை முறித்துவிடக்கூடிய ஒரு மோதலுக்குப் பிறகு எழுந்து எதிராளியைத் தள்ளிவிட்டுச் சிவப்பு அட்டை வாங்கினார். அதனால் லீக் கோப்பை இறுதி ஆட்டம் கை நழுவிப்போனது. அதே ஆண்டு அக்டோபரில் சவுத்தாம்ப்டனுக்கு எதிராக இடைவேளையில் களம் இறக்கப்பட்ட அவரை, அரை மணி நேரம்கூட ஆகாமல் பயிற்சியாளர் மொரின்யோ வெளியே அழைத்துக்கொண்டார். எல்லார் கண் முன்னும் நடக்கும் இத்தகைய அவமானத்தை விழுங்குவது எளிதில்லை. ஆயினும் அதே மொரின்யோதான் 2017-இல் 4 கோடி பவுண்டுக்கு அவரை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும், 2022-இல் இத்தாலியின் ரோமாவுக்கும் அழைத்தார். ஒரு நாள் வெளியே எடுத்த பயிற்சியாளர் ஒருவரைக் கைவிட்டுவிட்டார் என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ரோமாவோடு 2023-இல் இன்னொரு யூரோப்பா இறுதித் தோல்வி, பிறகு பிரான்சில் ரென், லியோன் அணிகள், 2025-இல் 37 வயதில் இத்தாலியின் சசுவோலோ என்று அவர் பயணம் நீண்டது. செர்பியாவுக்காக 48 ஆட்டங்கள், 2018 உலகக் கோப்பை உட்பட. வேகத்தைவிட இடமறிதலை நம்பும் ஆட்டமாக இருப்பதால் வயது அவரை எளிதில் வெளியே தள்ளவில்லை.

இப்போது உங்கள் மகனுக்கு வருகிறேன். மாட்டிச்சுக்கு இரண்டு விஷயங்கள் அமைந்தன: ஏன் மாற்றினோம் என்று தெரிந்து கற்றுக்கொடுத்த ஓர் ஆசிரியர், கற்றதை ஆடிப்பார்க்க ஆட்டங்கள். இவ்விரண்டும் உங்கள் மகனுக்குக் கிடைக்குமா என்பதுதான் நீங்கள் விசாரிக்க வேண்டியது. அவனிடம் எதைப் பார்த்து இந்த இடத்துக்கு மாற்றினார், இந்தப் பருவத்தில் எத்தனை ஆட்டங்களில் அங்கே ஆட வைப்பார், பயிற்சி நேரத்தில் அந்த வேலையைத் தனியாகச் சொல்லித்தருவாரா என்று பயிற்சியாளரைக் கேட்கச் சொல்லுங்கள். தெளிவான பதில் வந்தால் குறைந்தது ஒரு முழுப் பருவம் பொறுத்திருப்பது நியாயம். மழுப்பலான பதில் வந்தால், ஆட்டத்தை விடுவதற்கு முன் வேறு கிளப் தேடிப்பாருங்கள்; செல்சியை விட்டு வெளியே போனதுதான் மாட்டிச்சையும் காப்பாற்றியது. பேசப் போகும்போது நீங்கள் உடன் செல்லலாம், ஆனால் கேள்விகளை அவனே கேட்கட்டும். 19 வயதில் பெற்றோர் கேட்பதைவிட ஆட்டக்காரனே கேட்டால் பயிற்சியாளர்கள் மனம் திறந்து பேசுவார்கள்.