குருத்தெலும்புச் செல்கள் நீண்டுவிட்டன: கொட்டிவிடலாமா?

கேள்வி: ஆட்டு முழங்கால் மூட்டிலிருந்து குருத்தெலும்புச் செல்களைப் பிரித்து ஃபிளாஸ்கில் வளர்க்கிறேன். முதலில் உருண்டையாக இருந்தவை, இரண்டாவது பாசேஜில் (புதிய ஃபிளாஸ்குக்குப் பிரித்து மாற்றும் சுற்றில்) நீண்டு, இணைப்புத் திசுச் செல்லான ஃபைப்ரோபிளாஸ்ட் போல ஆகிவிட்டன. கலப்படம், கொட்டிவிடு என்கிறார் சீனியர். என்ன செய்ய? – ஆராய்ச்சி மாணவி

கொட்டாதீர்கள் அம்மா. பெரும்பாலும் இது கலப்படமாக இருக்காது. ஃபிளாஸ்கின் அடியில் ஒட்டி வளரும் குருத்தெலும்புச் செல்கள் இப்படித்தான் குணம் மாறும். வடிவம் மாறும்போது அவை சுரக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் வகையும் மாறுகிறது என்பதை ஃபொன் டெர் மார்க் குழுவினர் 1977-லேயே காட்டிவிட்டார்கள்.

மூட்டுக்குள் இந்தச் செல் தனியாக, தான் சுரந்த கூழுக்குள் புதைந்து கிடக்கும். கொலாஜனை வெட்டும் கொலாஜினேஸ் நொதியை ஊற்றி அந்த உறையைக் கரைத்துவிடுகிறோம். செல் பிளாஸ்டிக்கில் ஒட்டிப் பரவுகிறது. உள்ளே செல்லுக்கு வடிவம் தரும் ஆக்டின் புரத இழைகள் விறைக்கின்றன. சாக்ஸ்9 புரதம் குறைகிறது. குருத்தெலும்புக்குரிய மரபணுக்களை முடுக்குவதே சாக்ஸ்9 என்பதால், குருத்தெலும்புக் கூழின் முக்கியப் பொருட்களான இரண்டாம் வகைக் கொலாஜனும் அக்ரிகானும் சரிந்து முதலாம் வகைக் கொலாஜன் ஏறுகிறது. ரத்தக்குழாயே இல்லாத திசுவிலிருந்து வந்த செல்லுக்கு, இன்குபேட்டரின் ஆக்சிஜனும் அளவுக்கு மீறியதுதான்.

சீனியரின் சந்தேகத்தையும் ஒதுக்க வேண்டாம். வெட்டும்போது மூட்டுச் சவ்வு ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், முதல் சில நாட்களிலேயே ஆங்காங்கே நீள்செல்கள் திட்டாகப் பெருகியிருக்கும். குணமாற்றம் என்றால் ஃபிளாஸ்க் முழுக்க ஏறக்குறைய ஒன்றாகவே தட்டையாகும். பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். மரபணுச் செயல்பாட்டை அளக்கும் க்யூபிசிஆர் சோதனையில் இரண்டாம் வகைக் கொலாஜனை மட்டும் அளந்தால் போதாது; முதலாம் வகையோடு அதற்குள்ள விகிதத்தைப் பாருங்கள்.

மீட்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். குணம் மாறிய முயல் செல்களை அகரோஸ் கூழில் வைத்து, பென்யாவும் ஷாஃபரும் 1982-இல் பழைய நிலைக்குத் திருப்பினார்கள். உங்களுக்கு, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் கூழால் ஆன மணிகள் எளிது. 1.2% ஆல்ஜினேட்டில் ஒரு மில்லிக்கு 40 லட்சம் செல்கள் வீதம் கலந்து, 22 கேஜ் ஊசி வழியாக 102 மில்லிமோலார் கால்சியம் குளோரைடில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பத்து நிமிடத்தில் மணி இறுகிவிடும். பழக்க தோஷத்தில் பிபிஎஸ் என்ற பாஸ்பேட் உப்புக்கரைசலில் கழுவிவிடாதீர்கள். பாஸ்பேட் கால்சியத்தை இழுத்து மணியை இளக்கிவிடும். பாஸ்பேட் இல்லாத உப்புநீரே போதும். செல்களை வளர்க்கும் மீடியாவில் (ஊட்டக் கரைசலில்) வைட்டமின் சி அவசியம். அதுவும் அவ்வப்போது புதிதாகக் கலந்தது. கிடைத்தால் ஆக்சிஜனை 5% அளவுக்குக் குறையுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அக்ரிகானைக் காட்டும் அல்சியன் நீலத்தில் சாயமேற்றினால், உருண்ட செல்லைச் சுற்றி நீல வளையம் தெரிய வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளிடம் இதை எதிர்பார்க்க முடியாது. ஆக, சீனியருக்கும் பதில் கிடைத்துவிடும்.

இனிமேல் முதல் பாசேஜிலேயே பாதியை உறைய வைத்துவிடுங்கள். எண்ணிக்கைக்காக எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தால் செல்கள் இன்னும் மோசமாக நீளும். பயப்பட வேண்டாம், கூழுக்குள் போனதும் அவை நன்றாகவே திரும்பும். நான்கைந்து பாசேஜ் தாண்டியவற்றோடு மட்டும் மல்லுக்கட்டாதீர்கள். கசாப்புக் கடையில் புதிதாக ஒரு முழங்கால் வாங்குவது மலிவு.