ப்ராஜெக்ட் மென்பொருள்: கும்பகோணத்திலிருந்து பதில்கள்

மன்னார்குடி, கட்டட கான்ட்ராக்டர்: வாட்ஸ்அப் குழுவிலேயே எல்லாம் ஓடுகிறதே, வேலைகளைத் திட்டமிடத் தனி மென்பொருள் எதற்கு?
நாலு மாதத்துக்கு முன் கம்பி லோடு வந்ததா என்று அதில் தேடிப் பாருங்கள், காலை வணக்கப் படங்களுக்கு அடியில் கிடக்கும். ட்ரெல்லோ என்ற மென்பொருளில் வேலைக்கு ஒரு அட்டை. அட்டைக்கு ஒரே ஒரு ஆள் பெயர். இரண்டு பெயர் போட்டால் இருவரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள்.

திருவாரூர்: இலவசமாக எது கிடைக்கும்?
ரெட்மைன், ஓப்பன்ப்ராஜெக்ட். சொந்த சர்வரில் போட்டால் தினமும் பேக்கப் எடுங்கள்.

சுவாமிமலை, சிலைப் பட்டறை: எந்த வேலை எந்த நாள்வரை என்று கோடுகளாகக் காட்டும் கான்ட் சார்ட் எங்களுக்கு எதற்கு?
உங்களுக்குத்தான் முதலில் வேண்டும். மெழுகு உரு, அதன்மேல் வண்டல் மண் பூச்சு, காய்தல், மெழுகை உருக்கி வடித்தல், உலோகம் ஊற்றுதல், அப்புறம் செதுக்கல். ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொட முடியாது. செம்பு, பித்தளை வாங்குவது மட்டும் இதற்குப் பக்கத்திலேயே நடக்கலாம். அது இரண்டு நாள் பிந்தினால் நஷ்டமில்லை. மண் காய்வது பிந்தினால் டெலிவரியே பிந்தும். பிந்தவே கூடாத அந்தச் சங்கிலிதான் கிரிட்டிக்கல் பாத். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் டூபான்ட் ரசாயன ஆலைகளுக்காக உருவான கணக்கு இது. ஒவ்வொரு வேலைக்கும் முன்வேலை எது என்று குறித்துவிட்டால் மென்பொருளே தேதிகளை நகர்த்திவிடும்.

மயிலாடுதுறை: மென்பொருளுக்கு ஐப்பசி மழை தெரியுமா?
தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். காய்தலுக்கு அடைமழையில் கூடுதல் நாள் போடுங்கள்.

மயிலாடுதுறை, மறுபடியும்: அதற்கு எக்செல் போதுமே?
ஒரு ஆளுக்குப் போதும். மூன்று பேர் ஆளுக்கொரு பிரதியில் திருத்தி, ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’ என்று அனுப்பிக்கொண்டால் எந்தத் தேதியை நம்புவீர்கள்?

தஞ்சாவூர்: கூகுள் ஷீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் திருத்தலாமே. எங்கள் வாய்க்கால் மதகு வேலையை அதிலேதான் முடித்தோம்.
சரி, பிரதிச் சண்டைக்கு அது மருந்து, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கெடு மேட்டூர் திறக்கும் ஜூன் 12. சிமெண்ட் ஒரு வாரம் தாமதம் என்றால் பின்னால் வரும் வரிகளையெல்லாம் யார் மாற்றினார்கள்?

தஞ்சாவூர்: நான்தான், ராத்திரி உட்கார்ந்து.
அதைத்தான் சொல்கிறேன். கெடுவிலிருந்து பின்னோக்கித் திட்டமிட மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் வசதி இருக்கிறது. ஆனால் அது வேலைகளைக் கடைசி நாள்வரை தள்ளிப் போட்டுவிடும். தண்ணீர் வரும் தேதியையே கெடுவாகக் கொடுக்காதீர்கள், மே கடைசி என்று போடுங்கள்.

நாகப்பட்டினம்: இலவசமாக ஏதாவது...
திருவாரூர்க்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள். பேக்கப்!