கொழும்பு மாநகர சபை போக்குவரத்தைச் சீர்செய்ய, பஸ் உரிமையாளர் சங்கம், பயணிகள் அமைப்பு போன்ற இடைநிலை அமைப்புகளை ஏன் நாட வேண்டும்?
தனியாகச் செய்து முடிக்கும் அதிகாரம் சபையிடம் இல்லை. வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்தையே பாருங்கள். காலி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அங்கிருந்து புறக்கோட்டை செல்லும் தனியார் பஸ்ஸுக்கு வழித்தட அனுமதி தருவது மாகாணப் போக்குவரத்து அதிகார சபை. மாகாணத்துக்குள் ஓடும் போக்குவரத்தை 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாகாணங்களிடம் ஒப்படைத்தது. ரயிலுக்குத் தனித் திணைக்களம் இருக்கிறது.

பஸ்களின் நிலைதான் மிகச் சிக்கலானது. பல உரிமையாளர்களிடம் ஓரிரு பஸ்களே உள்ளன. அன்றைய வசூலை நம்பி ஓடுவதால், ஆள் சேரும்வரை தரிப்பிடத்தில் நிற்கிறார்கள். பின்னால் சக பஸ் வந்துவிட்டால் பறக்கிறார்கள். கால அட்டவணை, வருமானப் பகிர்வு பற்றி ஒவ்வொருவருடனும் சபை பேச முடியாது. உரிமையாளர் சங்கம் அவசியம். ஆனால் சங்கம் உரிமையாளருக்காகவே பேசும். ஆகவே பயணிகள், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளுக்கும் சம இடம் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பயணிகளைக் கணக்கெடுக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உதவலாம்.

சபை தன் பக்கத்தில் ஒரு பொறுப்பதிகாரியை நியமித்து, திரட்டிய தரவுகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் திட்ட நிதி தீர்ந்ததும் எல்லாம் நின்றுவிடும்.