துத்தியும் மல்லோவும்

அன்புள்ள ஐயா,

விவிலியத்தின் யோபு நூலை ஆங்கிலப் பழைய பதிப்பில் வாசித்தேன். 30ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தில், பசியால் வாடியவர்கள் புதரோரம் ‘மல்லோ’ பறித்ததாக வருகிறது. அகராதி அதற்குத் துத்தி என்கிறது. மல்லோ என்ற பெயருக்கு மென்மை என்று பொருள் எனவும் அறிந்தேன். அப்படியானால் நம் துத்திக்கும் அதுதான் பொருளா?

வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள நண்பருக்கு,

துத்தியும் மல்லோவும் ஒரே குடும்பத்துச் செடிகள். வெண்டி, பருத்தி, செவ்வரத்தை, பூவரசு எல்லாம் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. அகராதிக்காரர் உறவு பார்த்துப் பெயரிட்டிருக்கிறார். ஆனால் ஐரோப்பாவின் வயலோரங்களில் ஊதா நிறத்தில் பூக்கும் மல்லோ வேறு, மாலையில் மஞ்சளாக விரியும் நம் துத்தி வேறு.

மல்லோ என்னும் சொல் இலத்தீனின் மல்வாவிலிருந்து வந்தது. கிரேக்கர் அச்செடியை மலாக்கே என்றனர். அவர்கள் மொழியில் மலாக்கோஸ் என்றால் மென்மையானது என்பதாலும், அதன் இலை கட்டிகளை இளக்கும் மருந்தாகப் பயன்பட்டதாலும், இரு சொற்களையும் பண்டையோரே இணைத்துப் பேசினர். ஆயினும் கிரேக்கமும் இலத்தீனும் இப்பெயரை மத்தியதரைக் கடற்கரையின் இன்னும் பழைய மொழியொன்றிலிருந்து பெற்றிருக்கலாம் என்று மொழியியலாளர் கருதுகின்றனர். எனவே மென்மை என்பது பெயரின் வேர் என்பதைவிட, பின்னர் வந்து ஒட்டிக்கொண்ட விளக்கம் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒட்டிக்கொள்ளக் காரணமும் இருந்தது: வெண்டிக்காயை நறுக்கும்போது கத்தியில் நூலாக இழுபடும் அதே வழவழப்பு மல்லோவிலும் உண்டு. (மார்ஷ்மெல்லோ என்ற இனிப்பும் முன்னர் அதன் இனச்செடி ஒன்றின் வேரிலிருந்துதான் செய்யப்பட்டது, இன்று கொழும்புக் கடைகளில் கிடைப்பதில் சீனியும் ஜெலட்டினும் இருக்கின்றன, பெயரைத் தவிரச் செடியின் தடயம் இல்லை.)

உங்கள் வசனத்தில் இருப்பதோ இவ்விரண்டுமே அல்லாத மூன்றாவது செடி. எபிரேய மூலத்தில் உள்ள சொல் மல்லுவாக். அது உப்பைக் குறிக்கும் மெலாக் என்பதோடு தொடர்புடையது. உவர் நிலத்தில் வளர்ந்து, உப்புக் கரிக்கும் இலையுடைய அச்செடியை 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் மல்லோ என்று எழுதினர். ஒலியொப்புமையே அவர்களை அங்கே இழுத்திருக்க வேண்டும். வறியவரின் வாயிலிருந்த கரிப்பு இவ்வாறு வசனத்திலிருந்து மறைந்துபோனது.

துத்திக்கு வருகிறேன். அதன் இலையைத் தொட்டால் மெத்தென்றிருக்கும்; ஆதலால் மென்மை என்ற பொருளை அதன்மீது ஏற்றிவிட ஆசை எழுவது இயல்பே. ஆனால் நம் அகராதிகளில் துத்தி என்ற சொல்லுக்குச் செடி தவிர, பாம்பின் படத்திலுள்ள பொறி, தேமல் போன்ற பொருள்கள் காணப்படுகின்றன. வடமொழியினர் அதை அதிபலா என அழைத்து அதன் வலிமையைப் பாராட்டினர். இந்தியில் அது கங்கி, அதாவது சீப்பு; பற்கள் வரிசையாய் அமைந்த வட்டக் காயைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். அரபு மொழியினரும் தம் நாட்டு மல்லோவின் காயைத்தான் பார்த்தார்கள், ஆனால் அவர்களுக்கு அது ரொட்டியாகத் தெரிந்தது. குப்ஸ் என்னும் ரொட்டியிலிருந்தே அதற்குக் குப்பைசா என்ற பெயர் வந்தது. நம்மவரோ மூலநோய்க்குத் துத்தியின் இலையை ஆமணக்கெண்ணெயில் வதக்கிக் கட்டியதோடு நின்றுகொண்டனர்.

யோபுவின் அந்த வசனத்தைத் தமிழில் எழுத நேர்ந்தால், துத்தியை விட்டுவிட்டு உவர்க்கீரை என்றே எழுதுவேன்.