குடலுக்குள் பாய்ச்சும் வெளிச்சம்: கேள்வி பதில்

எண்டோஸ்கோப்பியில் திரையில் தெரியும் படங்களைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன், டாக்டர். திரை திடீரென்று பச்சையும் பழுப்புமாக மாறிவிட்டது. உள்ளே சாயம் விட்டார்களா?

இல்லை தம்பி. கருவியில் உள்ள பொத்தானை அழுத்தியிருப்பார்கள், ஒளி மாறியிருக்கும். என்.பி.ஐ. (நேரோ பேண்ட் இமேஜிங், குறுகிய ஒளிப்பட்டை முறை) என்பார்கள். வெள்ளை வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கும். இந்த முறையில் 415 நானோமீட்டரை ஒட்டிய நீலமும் 540ஐ ஒட்டிய பச்சையும் மட்டுமே பயன்படுகின்றன. ரத்தத்தின் ஹீமோகுளோபின் இந்த இரண்டையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ரத்தம் ஓடும் இடம் மட்டும் இருண்டு, சுற்றியுள்ள சவ்விலிருந்து பிரிந்து தெரியும். நீலம் சவ்வின் மேல்தட்டோடு நின்றுவிடும், அங்குள்ள மயிரிழை போன்ற நுண்குழாய்கள் பழுப்பாகத் தெரியும். பச்சை இன்னும் சற்று ஆழம் போகும், அங்கே ஓடும் பெரிய குழாய்கள் நீலப்பச்சையாகத் தெரியும்.

இதில் என்ன பயன் என்றால், புற்று தலையெடுக்கும் இடத்தில் அந்த நுண்குழாய்கள் தடித்து, முறுக்கிக்கொண்டு, ஒழுங்கு குலைந்துவிடும். உணவுக்குழாயில் வெள்ளை ஒளிக்கு லேசான சிவப்பாக மட்டும் இருக்கிற இடம், இந்த ஒளியில் பழுப்புத் திட்டாக எழுந்து நிற்கும். அந்த நிலையில் கண்டுபிடித்தால் பல நேரம் வயிற்றைத் திறக்காமலே, எண்டோஸ்கோப் வழியாகவே அகற்றிவிடலாம். அதனால்தான் உணவுக்குழாயைப் பார்க்கும்போது இந்தப் பொத்தானை அழுத்தாமல் நான் வெளியே வருவதில்லை.

திரையில் ரத்தம் போலச் சிவப்பாக ஏதாவது ஓடியதைப் பார்த்துப் பயந்திருந்தால், அது பித்தநீராக இருக்கலாம். மஞ்சளான பித்தநீர் இந்த ஒளியில் சிவப்பாகத் தெரியும்.

இந்த வெளிச்சம் எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சா?

இல்லை. கண்ணால் பார்க்கும் சாதாரண ஒளிதான்.

மருத்துவ மாணவி நான். என்.பி.ஐ. இருக்கும்போது சாயம் தெளிக்கும் பழைய முறை இனி தேவையா, சார்?

தேவைதான் அம்மா. லுகால் அயோடினை எடுத்துக்கொள்ளுங்கள். உணவுக்குழாயின் நல்ல செல்களில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரை இருக்கும். அது அயோடினோடு சேர்ந்து கரும்பழுப்பாகும். கெட்டுப்போன செல்களில் கிளைக்கோஜன் குறைவு, அதனால் அந்த இடம் நிறம் ஏறாமல் வெளிறி நிற்கும். சில நிமிடம் பொறுத்தால் அதுவே இளஞ்சிவப்பாக மாறலாம், அப்படி மாறினால் சந்தேகம் வலுக்கிறது. நெஞ்செரிச்சல் வரும் என்பதால் முடிந்ததும் சோடியம் தயோசல்பேட் தெளித்து அயோடினை முறிப்பது நல்லது. அயோடின் ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

இண்டிகோ கார்மைன் வேறு வகை. எந்தச் செல்லும் அதை உறிஞ்சாது. பள்ளங்களில் போய்த் தேங்கும், மேடு மேடாகவே நிற்கும். குடல் சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சியான பாலிப் தட்டையாக இருந்தால், அதன் விளிம்பை அது கோடு போட்டுக் காட்டிவிடும். பல வருடம் பெருங்குடல் அழற்சியோடு இருப்பவர்களைப் பரிசோதிக்கும்போது நான் இன்னும் சாயத்தைத்தான் பெரிதும் நம்புகிறேன். நேரம் பிடிக்கும், ஆனால் வீண்போகாது.

குழாய் விடுவதென்றாலே நடுக்கம். கேப்சூல் விழுங்கினால் போதாதா?

உங்கள் பயம் புரிகிறது. சிறுகுடலில் ரத்தக்கசிவு எங்கே என்று தேட, கேமரா வைத்த மாத்திரையான இந்தக் கேப்சூல் அருமையான கருவி. 26 மில்லிமீட்டர் நீளம், 11 மில்லிமீட்டர் விட்டம். 2001ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் வகை நொடிக்கு 2 படம் வீதம் சுமார் 8 மணி நேரம் எடுத்துத் தள்ளியது. ஆனால் அது குடலின் போக்கில் போகிற பொருள். சந்தேகமான இடத்தில் நிற்காது, நுரையைக் கழுவாது, சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுக்காது. குடலில் குறுகல் இருந்தால் மாட்டிக்கொள்ளவும் கூடும். அது வெளியேறியது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூடாது.

ஒளியிலேயே இவ்வளவு தெரிகிறதென்றால் எனக்கு ஏன் பயாப்சி எடுத்தார்கள்? புற்றுநோய் என்று நினைத்தார்களோ?

அம்மா, பயாப்சி, அதாவது சதைத் துணுக்கு, எடுத்ததாலேயே புற்றுநோய் என்று எண்ணாதீர்கள். கிருமி இருக்கிறதா, எந்த வகை அழற்சி என்று பார்க்கவும் எடுப்போம்.

உள்ளேயே செல்களைப் பார்க்கும் கருவிகளும் உண்டு. ஃப்ளூரசின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி, 488 நானோமீட்டர் லேசரால் செல் செல்லாகப் பார்க்கும் கன்ஃபோகல் முறை ஒன்று. அல்ட்ராசவுண்டு ஒலியைக் கொண்டு செய்வதை ஒளியைக் கொண்டு செய்து, 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழம்வரை அடுக்கடுக்காகக் காட்டும் ஓ.சி.டி. இன்னொன்று. எங்கே துணுக்கு எடுக்க வேண்டும் என்பதை இவை துல்லியமாகக் காட்டும். ஆனாலும் சந்தேகமான இடத்தில் துணுக்கை நுண்ணோக்கியில் பார்க்கும் நோய்க்கூறு நிபுணரின் முடிவைத்தான் நான் ஏற்பேன்.

கணினியே பாலிப்பைக் கண்டுபிடித்துக் கட்டம் போடுகிறதாமே?

போடுகிறது. குறிப்பாகச் சின்னப் பாலிப்கள் தப்புவது குறைகிறது. ஆனால் மடிப்புக்குப் பின்னால் இருப்பதை யாராவது மடிப்பை விலக்கிக் காட்டினால்தான் அதுவும் பார்க்கும். பெருங்குடலைப் பார்க்கும் குழாயான கொலனோஸ்கோப்பை வெளியே இழுக்கும்போது குறைந்தது 6 நிமிடமாவது செலவிட வேண்டும் என்பது அதற்காகத்தான்.

நாளை கொலனோஸ்கோப்பி. அந்த மருந்துத் தண்ணீரைக் குடிக்கவே முடியவில்லை. பாதியோடு நிறுத்தலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள் ஐயா. மேலே சொன்ன எந்த ஒளியும் மலத்தைத் துளைத்துக் காட்டாது. நன்றாகச் சுத்தமாகாத குடலைப் பார்த்துவிட்டு, “மறுபடி வாருங்கள்” என்று சொல்லி அனுப்பும் நாட்களில் எனக்கு மனசே ஆறுவதில்லை. குளிரவைத்து, மெதுவாக, உறிஞ்சுகுழல் போட்டுக் குடித்துப் பாருங்கள். பாதியை முந்தைய இரவும் மீதியைப் பரிசோதனை நாள் காலையிலும் குடிக்கச் சொல்லியிருந்தால், அந்தக் காலைப் பாதியை விடவே கூடாது. குடல் நன்றாகத் தெளிவது அதில்தான். சிவப்பு நிறப் பானம் வேண்டாம், உள்ளே ரத்தம் போலத் தெரியும். வாந்தி நிற்காவிட்டால் உடனே உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள். கடைசியில் மஞ்சள் தண்ணீராக, அடி தெரிகிற மாதிரி போக வேண்டும். இன்னும் கலங்கலாகப் போனால், மேசையில் படுப்பதற்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.